நாழித் தவிடு

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தர்ப்பணம் கொடுக்கப் போவதாகவும், வீட்டில் எல்லாரையும் கூட்டிப் போவதாகவும் சிவசண்முகம் பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் மகள் கோமுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோரு வயதுப் பெண். திருநெல்வேலியிலிருந்து மேற்கே ரயில் ஓட ஆரம்பித்து அஞ்சாறு வருஷம் ஆகியும் அதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாளே தவிர ஏறினதில்லை. அருவியைப் பார்த்ததே இல்லை. இப்போது விட்டால் இனிமேல் பார்ப்பதும் சந்தேகம்தான். இன்றைக்கோ நாளைக்கோ பெரியவளாகிவிட்டால், ஒருவன் வந்து தாலி கட்டிக் கூட்டிப் போகிற வரைக்கும் வாசல்படி தாண்ட விடமாட்டார்கள். பக்கத்து வீட்டு ஞானம்பாள் அப்படித்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற மாட்டுவண்டிகளைப் பார்த்தே பொழுதைப் போக்குகிறாள்.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போடுவதற்கென்றே வீட்டில் ஒரு ஜீவன் இருந்தது. அவள் தம்பி பிச்சைக்கண்ணு. வயது ஆறு. வீட்டுக்குள்ளே இருக்கிற வரைக்கும் அவனைப் போலத் தங்கமான பிள்ளை கிடையாது. கோமுவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் தொழுவத்துக்குமாக நடப்பான், கொடுத்ததைத் தின்பான், சொன்ன இடத்தில் உட்காருவான். வெளியே கூட்டிப் போனால்தான் வினை. ஆனித் தேரோட்டத்தில் ரதவீதியே திரும்பிப் பார்க்கும்படி அலறினான். அதற்கு அப்பாவிடம் ஓர் அறை வாங்கி, அந்த அறைக்கும் சேர்த்து அலறினான். முக்கூடலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கன்னத்தைத் தடவிக் கொஞ்சின பெரியம்மையின் விரலைக் கடித்துவிட்டான். இலை போட்ட பிறகு சாப்பிடாமல் பந்தியிலிருந்து எழுந்து வந்த குடும்பம் அந்த வட்டாரத்தில் இவர்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அன்றைக்குத் தின்னாமல் விட்ட பாயசத்தைக் கோமு இன்னும் மன்னிக்கவில்லை.

புறப்படுகிற அன்று விடியற்காலையில் சிவசண்முகம் பிள்ளை மகளைக் கூப்பிட்டார்.

"ஏட்டி கோமு, இவன் உன் பொறுப்பு. வழியில வாயத் தொறந்து கூப்பாடு போட்டாம்னா, உங்க மூணு பேரையும் அம்பாசமுத்திரம் ஸ்டேஷன்லயே உக்கார வச்சிட்டு நான் மட்டும் பாபநாசம் போயிட்டு வருவேன். பெறகு இந்த வீட்ல ஒருத்தரும் பயணம்னு பேச்செடுக்கப்பிடாது."

அவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சொன்னால் சொன்னதுதான் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. நல்லதைச் சொல்லிவிட்டு அதன்படி நடந்தால் பெருமைப்படலாம். அவர் பெரும்பாலும் மிரட்டலைத்தான் சொல்லுவார்.

கோமு ஆயத்தமாகத்தான் கிளம்பினாள். பொரிகடலையும் கருப்பட்டித் துண்டும் ஒரு துணியில் முடிந்துகொண்டாள். தம்பிக்கு வெறி கிளம்புகிறதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். முதலில் அவன் காது சிவக்கும். அப்புறம் மூச்சு குட்டைகுட்டையாக வரும். அந்த நேரத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளங்கையில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தால் சில சமயம் அடங்குவான், சில சமயம் மாட்டான். இன்றைக்கு அடங்கித்தான் ஆகவேண்டும். அருவியா அழுகையா என்று ஆகிவிட்டது.

ஸ்டேஷனில் அமாவாசைக் கூட்டம் நெரிந்தது. ஆண்கள் பெட்டியில் அப்பா ஏறிக்கொண்டார். பெண்கள் பெட்டியில் அம்மா சொர்ணாம்பாள் முண்டியடித்து ஒரு பலகையில் இடம் பிடித்தாள். வண்டி நகரப் போகிற நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து இன்னொருத்தி ஏறினாள். பார்த்தால் மைதீன் பாத்திமா. இவர்கள் வீட்டுக்குப் பின்தெருவில் தவிடும் புண்ணாக்கும் விற்கிறவள். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கு நேர்ச்சை செலுத்தப் போகிறாளாம். அவளும் அம்பாசமுத்திரத்தில் இறங்கித்தான் வண்டி பிடிக்க வேண்டும்.

"எம் பிள்ளையும் வந்திருக்கானா?" என்று அவள் பிச்சைக்கண்ணின் தாடையைத் தொட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் கேட்பாள். தவிடு கொண்டுவந்து போடும்போதெல்லாம் புறவாசலில் நின்று, "எம் பிள்ளை என்ன செய்யுதான்?" என்று விசாரிக்காமல் போகமாட்டாள்.

எதிர்ப் பலகையில் காதில் பாம்படம் ஆட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் பிச்சைக்கண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுருட்ட முடியும் கண்ணும், பிள்ளை ராசா கணக்கா இருக்கானே. உன் பிள்ளையாம்மா?" என்று கேட்டாள்.

சொர்ணாம்பாள் கேள்வி முடிகிறதற்குள் பதில் சொன்னாள். "எம் பிள்ளையா? நல்லாச் சொன்னீய. ஒரு நாழித் தவிட்டுக்கு வந்த பயல். பேரே பிச்சைதான்."

"ஆமா, எம் பிள்ளை. இவகிட்ட வளக்கக் குடுத்திருக்கேன்," என்று பாத்திமா சிரித்தாள். பிறகு பையனைப் பார்த்து, "என்ன வாப்பா, பொட்டல்புதூருக்கு வாரியா? இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரட்டா?" என்றாள்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க அக்கா. உங்க பொருள்தானே," என்றாள் அம்மா.

பெட்டியில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோமு சிரிக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில்தான் அவன் ஆரம்பிப்பான். அவன் காதைப் பார்த்தாள். சிவந்துதான் இருந்தது. மூச்சும் குட்டையாகத்தான் வந்தது. அவள் அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டு உள்ளங்கையில் வட்டம் போட்டாள். பொரியை எடுத்து வாய்க்கு நேரே நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அழவும் இல்லை. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன்போல நேரே பார்த்தபடி இருந்தான்.

பேட்டை ஸ்டேஷனும் போயிற்று. அவன் அசையவில்லை. "பயலுக்குப் புத்தி வந்திட்டு," என்று அம்மா பூரித்துப்போனாள். பாம்படத்து அம்மாள், தன் பேரன்மார்கள் இப்படி ஒரு நாழிகை உட்கார்ந்தால் கோயிலுக்குத் தேங்காய் விடலை போடுவேன் என்றாள். கோமுவுக்குத் தன் கைவேலைதான் பலித்தது என்று தலைகால் புரியவில்லை. தம்பியை விட்டுவிட்டு ஜன்னலோரம் நகர்ந்தாள். வாய்க்காலும் பனையும் நாற்று நட்ட வயலும் பின்னால் ஓடின. மேற்கே மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அங்கேதான் அருவி. எப்படி விழும், நேரே விழுமா, சரிந்து விழுமா, சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று உட்கார முடியாமல் நெளிந்தாள்.

சேரன்மாதேவி தாண்டினபோது பாவாடையை யாரோ இழுத்தார்கள். திரும்பினால் பிச்சைக்கண்ணு. இடுப்பில் செருகியிருந்த ஒரு சிறு முடிச்சை அவிழ்த்து அவள் மடியில் கொட்டினான். நாலு கழற்சிக்காய், ஒரு மயிலிறகுத் துண்டு, யார் கேட்டாலும் தரமாட்டேனென்று அவன் காலமெல்லாம் காத்துவைத்த உடைந்த கண்ணாடி வளையல்.

"இத நீயே வச்சுக்கக்கா."

"ஏம்லே, உனக்கு வேண்டாமா?"

"அங்க எனக்கு எதுக்கு?"

"எங்கலே?"

அவன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பாத்திமா பக்கம் ஓட்டினான். பிறகு ரொம்ப மெதுவாக, "அவிய வீட்ல ராத்திரி விளக்கு வச்சிருப்பாவளாக்கா?" என்று கேட்டான்.

கோமுவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"யார்லே உன்ன அங்க அனுப்புதா? அது சும்மா வெளாட்டுக்குச் சொன்னது."

"வெளாட்டு இல்ல. அம்மை வீட்ல சொல்லமாட்டா. வெளிய போனாத்தான் சொல்லுவா. தேருக்குப் போனப்பயும் சொன்னா, தவிட்டுப் பயல்னு. கல்யாண வீட்லயும் பெரியம்மைகிட்டச் சொன்னா. அங்கனயெல்லாம் குடுக்கத்தான் பாத்தாவ. நான் சத்தம் போட்டு அழுதேன். குடுக்காம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திட்டாவ."

ரதவீதியும் முக்கூடல் பந்தியும் கோமுவின் கண்முன்னே வந்தன. ஆமாம், தேர் பார்க்க வந்த யாரோ ஒருத்தி, பிள்ளை அழகாயிருக்கிறான் என்றாள், அம்மா தவிட்டுப் பேச்சை எடுத்தாள், அதற்கப்புறம்தான் அலறல். கல்யாண வீட்டிலும் அப்படியேதான். பெரியம்மை கொஞ்சினாள், அம்மா சொன்னாள், இவன் கடித்தான். பிடிவாதம், பேய்க்குணம், அடங்காத பயல் என்று ஊரே பேர் வைத்தது. பிள்ளை தன்னை விற்றுவிடாமல் காப்பாற்றிக்கொள்ளத்தான் கத்தியிருக்கிறான். போதாததற்கு அவளும் சண்டை வருகிறபோதெல்லாம், "தவிட்டுக்கு வந்த நாயே" என்றுதான் அவனைத் திட்டியிருக்கிறாள். ஊரில் எந்த அக்காள்தான் திட்டவில்லை?

"அப்பம் இன்னைக்கு ஏம்லே அழல?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அழுதா அப்பா உங்கள ஸ்டேஷன்ல உக்கார வச்சிருவாவ. நீ அருவி பாக்கணும்லா."

அருவி வேண்டும் வேண்டும் என்று ஒரு மாதமாய் அவன் காதுபடப் புலம்பினது கோமுதான். அவள் எழுந்து, தடுமாறிக்கொண்டே, அம்மாவின் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காதில் எல்லாவற்றையும் சொன்னாள். "நீதான் பெத்தேன்னு அவங்கிட்ட ஒரு தடவ சொல்லும்மா. பாவம்மா," என்றாள்.

சொர்ணாம்பாள் முகம் வெளுத்துவிட்டது. மகளின் வாயைக் கையால் பொத்தினாள்.

"சத்தமாச் சொல்லாதட்டி. உனக்கு நேர எளையவன், அவனுக்கு அடுத்தவன், அதுக்கடுத்தவன், மூணு பேரையும் எம் பிள்ள எம் பிள்ளன்னுதான் கொண்டாடினேன். ஒண்ணாவது நின்னுச்சா? இவன் பொறந்த அன்னைக்குச் சுளகுல கெடத்தி அந்த அக்காகிட்டக் குடுத்தோம். அவிய ஒரு நாழித் தவிடு குடுத்தாவ. எமன் ஏமாந்து போனான். ஆறு வருசமா நான் இவன எம் பிள்ளன்னு நாலு பேர் முன்னால சொன்னதில்ல. எமன் காதுல ஒரு தடவ விழுந்தாப் போதும்ட்டி."

"அவன் பயப்படுதாம்மா."

"பயந்தா என்ன, உயிரோட இருக்கான்லா," என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்பாசமுத்திரத்துல அந்த அக்கா அவிய வழியில போயிருவாவ. இவனும் மறந்திருவான். பேசாம இரி."

வீரவநல்லூர் போய், கல்லிடைக்குறிச்சியும் வந்துவிட்டது. கோமு உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். சொன்னால் எமன் கேட்டுவிடுவான். சொல்லாவிட்டால் இவன் இப்படியே சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருப்பான். வண்டி கிளம்பி ஆற்றுப்பாலத்தில் ஏறினது. தடதடவென்று பெட்டியே பிய்ந்துபோகிற மாதிரி இரைச்சல். கோமுவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. இந்தச் சத்தத்தில் எமனுக்கு என்ன கேட்கப்போகிறது? ஓடிப்போய்த் தம்பியின் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அம்மைதான் உன்னப் பெத்தா. நீ நம்ம பிள்ளைலே. சத்தியமா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் சொன்னது கேட்டுவிட்டது, அது தெரிந்தது. ஆனால் தலையை ஆட்டினான்.

"நீ எனக்காகப் பொய் சொல்லுத. அம்மை சொல்லட்டும்."

பாலம் முடிந்தது. சத்தமும் முடிந்தது. அம்பாசமுத்திரம் வந்துவிட்டது.

இறங்கினதும் பாத்திமா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு விளையாட்டாகக் கையை நீட்டினாள். "வா வாப்பா, போவோம்," என்றாள். பிச்சைக்கண்ணு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அவளோடு நடக்க ஆரம்பித்தான். திரும்பியே பார்க்கவில்லை. ஆண்கள் பெட்டியிலிருந்து இறங்கி வந்த சிவசண்முகம் பிள்ளை, "பய ஒரு சத்தம் இல்லாம வந்திட்டானே. கோமு, நீ கெட்டிக்காரிதான்," என்று மீசையைத் தடவினார்.

அந்தப் பாராட்டைக் கேட்டதும் கோமுவுக்கு என்ன ஆயிற்றென்று அவளுக்கே தெரியாது. பிளாட்பாரத்தில் நடுவே தொப்பென்று உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் வெளியிடத்தில் வாயைத் திறந்து அழுதறியாத பெண், காலை உதைத்துக்கொண்டு அலறினாள். "எந்தம்பி போறான், எந்தம்பி போறான்," என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. தலையில் சுமையோடு போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அப்பா கையை ஓங்கினார். "ஏளா, உனக்கென்ன பித்தாட்டி?"

முன்னால் போன பாத்திமா அப்போதுதான் நின்றாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, தன் கையைப் பிடித்திருந்த சின்னக் கையைத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது.

"சொர்ணம், இங்கன வா. பிள்ளைக்குக் கை சில்லுனு கெடக்கு. இவன் நெசமாத்தான் என்கூட வாரான். இது வெளாட்டில்ல. சொல்லிரும்மா."

"அக்கா, நான் எப்படிச் சொல்லுவேன்," என்றாள் சொர்ணாம்பாள்.

"நான் வாங்கினேன். இப்பம் நான் திருப்பித் தந்திட்டேன். அல்லா பாத்துக்கிடுவான். சொல்லு."

சொர்ணாம்பாள் மகனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழக்கூடாதென்று உதட்டைக் கடித்திருந்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அவள் போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"ஏலே, நீ எம் பிள்ளலே," என்றாள். "நான் பெத்த பிள்ள. உன்னைய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

சொன்னதும் அவளுக்குக் கிலி பிடித்துக்கொண்டது. தலைக்கு மேலே, பின்னால், கூட்டத்துக்குள்ளே என்று நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு அவனை மாரோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னாள். "கேக்கவன் கேட்டுக்கிடட்டும். எம் பிள்ளதான் இவன்."

"நெசமாவாம்மா?" என்று கேட்டான் பிச்சைக்கண்ணு.

"நெசமாலே."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வாய் கோணிற்று. பேட்டைக்கு முன்னாலிருந்தே அடக்கி அடக்கி வைத்திருந்தது முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. தேரோட்டத்து அலறலும் முக்கூடல் அலறலும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. எதிர்ப்பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினது.

சிவசண்முகம் பிள்ளை தர்ப்பைக் கட்டையும் எள்ளையும் எடுத்துக்கொண்டார். என்ன நடந்ததென்று பாத்திமா அவருக்கு எடுத்துச் சொல்லத்தான் செய்தாள். அவரும் கேட்கத்தான் செய்தார். மகன் பக்கம் ஒரு தரம் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆனாலும் சொன்னது சொன்னதாயிற்றே. அதோடு அமாவாசைக்கு நேரமும் ஆகிக்கொண்டிருந்தது. "சாயங்கால வண்டிக்கு வந்திருவேன். இங்கனயே இருங்க," என்று சொல்லிவிட்டுப் பாபநாசத்துக்குப் போகிற மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டார். பாத்திமாவும் அவள் வழியில் போனாள்.

வண்டி போன திசையில் மலை பக்கத்திலேயே நின்றது. மேகம் இறங்கி உச்சியை மறைத்திருந்தது. அருவி அங்கேதான் எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது. கோமுவுக்குத் துக்கம் பொங்கிப் பொங்கி வந்தது. அதில் பொய் என்ன இருக்கிறது, அவளுக்கு அருவி வேண்டும்தான். ஒரு நிமிஷம் தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைக்கலாம்போலக்கூட இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அம்மாவின் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் மடியில் காலைப் போட்டுக்கொண்டு அழுகையைத் தொடர்ந்தான். அழுகைக்கு நடுவே ஒரு தடவை இருமினான். அம்மா திடுக்கிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்த ஸ்டேஷன் ஆள் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். "யார் வீட்டுப் பிள்ளைம்மா இது, இந்தப் போடு போடுதான்?"

சொர்ணாம்பாளின் உதடு பழக்கத்தில் அசைந்தது. அதற்குள் கோமு முந்திக்கொண்டாள்.

"எந்தம்பி," என்றாள். "அவன் அழுவான். நீங்க போங்க அண்ணாச்சி."